கடலைக் கோபுரமும் கச்சா எண்ணெயும்: நைஜீரியா அன்றும் இன்றும்

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரத்தில் 1950களிலும் 60களிலும் எடுத்த பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எகிப்தின் பிரமிடுகளைப் போல வரிசையாக எழுந்து நிற்கும் கோபுரங்கள். அடியில் அகன்று, ஏற ஏறக் குறுகி, உச்சியில் ஒற்றை மூட்டையில் முடிபவை. அத்தனையும் நிலக்கடலை. ஒரு கோபுரத்துக்கு 15,000 மூட்டை வரை அடுக்கினார்கள். லாகோஸ் துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த அந்த மூட்டைகள்தாம் அந்நாளில் வடக்கு நைஜீரியாவின் கஜானா.

அந்தக் கடலைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1912இல் பிரிட்டிஷார் கானோவுக்கு ரயில் பாதையைக் கொண்டுவந்தபோது அவர்கள் மனதில் இருந்தது பருத்தி. லங்காஷயர் ஆலைகளுக்கு இங்கிருந்து பஞ்சு வந்து குவியும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஹௌசா விவசாயிகளும் வியாபாரிகளும் வேறு கணக்குப் போட்டார்கள். கடலைக்கு நல்ல விலை கிடைத்தது. விற்காமல் மிஞ்சினாலும் வீட்டில் சாப்பிடலாம். எந்த அதிகாரியும் சொல்லாமல், எந்தத் திட்டமும் தீட்டாமல், அவர்களாகவே கடலைக்கு மாறினார்கள். ரயிலும் கடலைக்கே ஓடியது. இந்த வியாபாரத்தில் தலையெடுத்த அல்ஹசன் டன்டாட்டா, 1955இல் இறந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் பெருஞ்செல்வர்களில் முதல் வரிசையில் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தெற்கே வேறு பயிர்கள். மேற்கில் யொரூபா மக்களின் கொக்கோ, கிழக்கில் எண்ணெய்ப் பனை. 1960இல் நாடு விடுதலை அடைந்தபோது உலகிலேயே அதிகமாகப் பாமாயில் எடுத்த நாடு நைஜீரியா. கொக்கோவில் கானாவுக்கு அடுத்த நிலையில் இருந்த நாடுகளில் ஒன்று. விளைச்சலில் வந்த பணம் கண்ணுக்குத் தெரியும்படி செலவானது. மேற்கு மண்டலத்தில் ஒபாஃபெமி அவோலோவோவின் அரசு 1955இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்ததென்றால், அதற்குப் பின்னால் கொக்கோ பணம் இருந்தது. மேற்கு மண்டலத்தின் தலைநகரான இபாதானில் 1965இல் கட்டி முடிக்கப்பட்ட 26 மாடிக் கட்டடத்துக்குக் ‘கொக்கோ ஹவுஸ்’ என்றே பெயர். கிழக்கே என்சுக்காவில் 1960இல் திறந்த பல்கலைக்கழகத்துக்கு விளைபொருள் விற்பனை வாரியத்தின் பணம் போனது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். விற்பனை வாரியங்கள் உலகச் சந்தையில் விற்ற விலை ஒன்று, விவசாயி கையில் கொடுத்த விலை வேறொன்று. நடுவில் நின்றதை அரசும் அரசியல்வாதிகளும் எடுத்துக்கொண்டார்கள். 1968–69இல் மேற்கு நைஜீரியாவின் கொக்கோ விவசாயிகள் பொறுமையிழந்தார்கள். அக்பெகோயா என்ற பெயரில் திரண்டு, வரி வசூலிப்பவர்களை ஊருக்குள் விடாமல் துரத்தினார்கள். பலர் உயிரிழந்தார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்து பேசி வரியைக் குறைத்தது. இறங்கி வந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. கொக்கோ விவசாயி பயிரிடுவதை நிறுத்திவிட்டால் இபாதானில் ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியாது. ஆள்பவரின் கழுத்துப்பட்டை, கொஞ்சமாவது, உழுபவர் கையில் இருந்தது.

நைஜீரியாவின் பொருளாதாரத்தைப் பற்றி எத்தனையோ புள்ளிவிவரங்கள் உண்டு. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்தப் பிடிதான். எண்ணெய் அந்த நாட்டிலிருந்து பறித்ததும் இதைத்தான்.

1956 ஜனவரியில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், இன்று பயெல்சா மாநிலத்தில் இருக்கும் ஒலொய்பிரி என்ற கிராமத்தருகே வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. தோண்டியது ஷெல்-பி.பி. நிறுவனம். 1958இல் முதல் ஏற்றுமதி. அப்போது நாளொன்றுக்கு எடுத்தது 5,100 பேரல் அளவுதான். விடுதலை ஆண்டில் ஏற்றுமதி வருமானத்தில் எண்ணெய்க்கு ஒரு சிறு ஓரமே இருந்தது. பிறகு 1967 முதல் 1970 வரை, கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்ற உள்நாட்டுப் போர். அதன் காரணங்கள் பல. எண்ணெய் வயல்கள் யாருக்கு என்ற கேள்வியும் அவற்றில் ஒன்று. போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1973 அக்டோபரில் தொடங்கிய உலக எண்ணெய் நெருக்கடியில் பேரல் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. 1974இல் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. பதினைந்து ஆண்டுக்குள் ஒரு நாடு தன் வயிற்றுப்பாட்டையே மாற்றிக்கொண்டது.

அந்தப் பணம் வந்த வேகத்தைப் புரிந்துகொள்ள 1975இன் சிமென்ட் கப்பல்களைப் பார்த்தால் போதும். யாகுபு கோவோனின் ராணுவ அரசு ஏறக்குறைய 2 கோடி டன் சிமென்டுக்கு உலகெங்கும் ஆர்டர் கொடுத்தது. பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் பெயரில். லாகோஸ் துறைமுகம் ஓர் ஆண்டில் இறக்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்கு. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தாமதக் கட்டணம் கட்டியது. உப்புக்காற்றில் சிமென்ட் மூட்டைக்குள்ளேயே கல்லானது. மற்ற சரக்குகளும் அரிசியும் மருந்தும் அந்த வரிசைக்குப் பின்னால் நின்றன.

அதே ஆண்டு கானோவில் நடந்ததைத் தலைப்புச் செய்தியாக யாரும் போடவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் ஏற்கெனவே நொந்திருந்த கடலைப் பயிரை 1975இல் ரோசெட் என்ற வைரஸ் நோய் சூறையாடியது. இதற்கு எண்ணெயைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டு முன்பு நடந்திருந்தால் அரசு பதறியிருக்கும். விதை மாற்றவும் கடன் கொடுக்கவும் ஓடியிருக்கும். 1975இல் பதற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கஜானா தெற்கே சதுப்பு நிலத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. மதிப்பு ஏறி நின்ற நாட்டு நாணயமான நைராவுக்கு இறக்குமதி அரிசியும் கோதுமையும் மலிவாகக் கிடைத்தன. நகரத்தில் கட்டட வேலைக்குக் கூலி கூடியது. இளைஞர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு லாகோஸுக்குப் பேருந்து ஏறினார்கள். கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து 1980களில் இல்லாமலே போயின.

பாமாயிலின் கதி இன்னும் வேதனை தருவது. எண்ணெய்ப் பனைக்குத் தாயகமே மேற்கு ஆப்பிரிக்கக் காடுகள்தாம். அங்கிருந்து போன கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் வேரூன்றின. மலாயாவில் 1917இல் முதல் வணிகத் தோட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் மலேசியா ரப்பரை மட்டும் நம்பக்கூடாது என்று தீர்மானித்துச் செம்பனைக்கு மாறியபோது, அந்தத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழர்களும் உண்டு. இன்று இந்தோனேசியா ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கும் மேல் எடுக்கிறது. நைஜீரியா எடுப்பது சுமார் 15 லட்சம் டன். உள்நாட்டுத் தேவைக்கே போதாமல் வெளியிலிருந்து வாங்குகிறது.

அந்தச் செழிப்புக் காலத்தில் நல்லது எதுவுமே நடக்கவில்லை என்றால் அது பொய். சாலைகள் வந்தன, பல்கலைக்கழகங்கள் பெருகின, 1976இல் நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. 1980இல் ஒரு டாலர் வாங்க 55 கோபோ போதும், அதாவது அரை நைராவுக்குக் கொஞ்சம் கூடுதல். 1981இல் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 125 நைரா. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 200 டாலர். 2024இல் அதே குறைந்தபட்சச் சம்பளம் 70,000 நைராவாக உயர்த்தப்பட்டது. டாலரில் 45 தேறும். நாற்பது ஆண்டு உழைப்பின் மதிப்பு எங்கே போனது என்று கேட்க இந்த இரண்டு எண்களே போதும்.

சரிவு 1980களில் வந்தது. எண்ணெய் விலை விழ விழக் கடன் ஏறியது. 1983 தொடக்கத்தில் அரசு, அனுமதியின்றித் தங்கியிருந்த வெளிநாட்டவரை வெளியேறச் சொன்னது. செழிப்பைத் தேடி வந்திருந்த கானா நாட்டவர் உட்பட லட்சக்கணக்கானோர் இரண்டே வாரத்தில் கட்டம் போட்ட மலிவுப் பைகளில் உடைமைகளைத் திணித்துக்கொண்டு நடந்தார்கள். ‘கானா மஸ்ட் கோ’ என்றே அந்தப் பைக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1986இல் இப்ராஹிம் பாபாங்கிடாவின் ராணுவ அரசு பொருளாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் நைராவைச் சந்தையில் விட்டது. அன்று தொடங்கிய இறக்கம் இன்னும் தீரவில்லை.

எண்ணெய் எடுத்த மண்ணுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

விடுதலைக் காலத்து அரசியல் சட்டப்படி, ஒரு மண்டலத்தின் கனிம உரிமைத் தொகையில் 50 விழுக்காடு அந்த மண்டலத்துக்கே சேர வேண்டும். அப்போது பெரிய மண்டலங்களின் செல்வம் கொக்கோவும் கடலையும் பாமாயிலும். எண்ணெய் பெருகப் பெருக இந்தப் பங்கு சுருங்கியது. 1980களில் 1.5 விழுக்காடு, 1992இல் 3. சிறுபான்மை இனங்கள் வாழும் கழிமுகத்திலிருந்து எடுத்த செல்வத்தைப் பெரிய இனங்கள் பங்கு போட்டுக்கொண்டன என்று அங்குள்ளவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1999இன் அரசியல் சட்டம் குறைந்தது 13 விழுக்காடு என்று நிர்ணயித்தது. அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது.

அந்த இரண்டு தலைமுறையில் சிற்றோடைகளில் மீன் இல்லாமல் போனது. குழாய்கள் துருப்பிடித்து வெடித்தன. எண்ணெயோடு வரும் வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தாமல் ஊருக்குப் பக்கத்திலேயே எரித்தார்கள்; பல கிராமங்கள் இருட்டிய இரவைப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகின. வீட்டுக்கு மின்சாரம் மட்டும் இல்லை. கழிமுகத்து ஒகோனி மக்களைத் திரட்டி இதைக் கேட்டவர் எழுத்தாளர் கென் சாரோ-விவா. 1993இல் ஷெல் ஒகோனி மண்ணை விட்டு வெளியேறியது. சானி அபாச்சாவின் ராணுவ அரசு சாரோ-விவாவையும் எட்டுத் தோழர்களையும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. உலகமே மன்றாடியும் கேட்கவில்லை. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில், உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவைப் போல 900 மடங்குக்கும் மேல் பென்சீன் இருந்தது. முழுச் சீரமைப்புக்கு 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அந்த அறிக்கை. போடோ ஊரில் 2008இல் நடந்த கசிவுகளுக்கு 2015இல் ஷெல் ஐந்தரைக் கோடி பவுண்ட் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதையும் லண்டன் நீதிமன்றம் வரை போய்த்தான் பெற முடிந்தது. 2025 மார்ச்சில் ஷெல் தன் நிலப்பகுதி எண்ணெய் வயல்களை ரெனைசன்ஸ் என்ற கூட்டமைப்பிடம் விற்று முடித்தது. நஞ்சேறிய மண் மட்டும் அந்த ஊர்க்காரர்களிடமே இருக்கிறது.

ஒலொய்பிரியின் எண்ணெய் 1970களின் இறுதியில் வற்றிவிட்டது. நாட்டையே மாற்றிய கிணறு இருக்கும் அந்த ஊர் இன்றும் ஏழை ஊர்தான்.

கச்சா எண்ணெய் விற்ற நாடு பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கியது என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுப்பார்கள். போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய மூன்று ஊர்களிலும் இருக்கும் அரசு சுத்திகரிப்பு ஆலைகளின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு 4,45,000 பேரல். பல ஆண்டுகளாக அவை பெரும்பாலும் மூடியே கிடந்தன. ஊழியர்களுக்குச் சம்பளம் போனது, பழுதுபார்ப்புக்குப் பணம் போனது, பெட்ரோல் மட்டும் வரவில்லை. இறக்குமதி செய்து, மானியம் கொடுத்து, மலிவு விலையில் விற்றார்கள். மானியத்தில் பெரும்பங்கு இறக்குமதியாளர்களுக்கும் எல்லை தாண்டிக் கடத்துபவர்களுக்கும் போனது ஊரறிந்த விஷயம். அப்படியானால் மக்கள் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? அரசிடமிருந்து தங்களுக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்த மலிவுப் பெட்ரோல்தான். 2012 ஜனவரியில் மானியத்தை எடுத்தபோது நாடு முழுவதும் தெருவில் இறங்கியதற்கு இதுவே காரணம்.

2023 மே 29 அன்று பதவியேற்ற போலா டினுபு, முதல் உரையிலேயே மானியம் முடிந்தது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்கும் குறைவாக விற்ற பெட்ரோல் சில நாளில் 500ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு 1,000ஐயும் தாண்டியது. 2023 ஜூனில் நைராவையும் சந்தையில் விட்டார்கள். டாலருக்கு 460 நைரா என்றிருந்தது 2024இல் 1,500ஐத் தாண்டியது. பொருளாதார வல்லுநர்கள் பலர் இந்த இரண்டையும் பாராட்டினார்கள். நோய்க்கு மருந்து இதுதான் என்றார்கள். நோயை உண்டாக்கியவர்கள் அந்த மருந்தைக் குடிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். 2024 டிசம்பரில் விலைவாசி ஏற்றம் 34.8 விழுக்காடு. ஏழைகளின் கடைசிப் புகலிடமான காரி, மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்தெடுக்கும் உணவு, அதுவும் கைக்கு எட்டாத விலைக்குப் போனது. 12.9 கோடிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று உலக வங்கி 2024இல் மதிப்பிட்டது. படித்த இளைஞர்கள் நாட்டை விட்டுக் கிளம்புவதை ‘ஜாப்பா’ என்கிறார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்றைய நைஜீரியாவை வெறும் அவலமாகக் காட்டினால் அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அரசு கைகழுவிய இடத்தில் அவர்களே ஒரு பொருளாதாரத்தைக் கட்டினார்கள். 22 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்கட்டமைப்பு தருவது 4,000 முதல் 5,000 மெகாவாட் அளவுதான். 2024இல் அந்தக் கட்டமைப்பு பல தடவை முழுவதுமாக விழுந்தது. மின்சாரம் வந்தால் பிள்ளைகள் “அப் நெப்பா!” என்று கத்துகிற வழக்கம், நெப்பா என்ற மின்வாரியம் போய் இருபது ஆண்டாகியும் போகவில்லை. ஆனாலும் தையல் கடையும் முடிதிருத்தகமும் சிறு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. 1992இல் ஒரு வீடியோ படத்தின் வெற்றியோடு வேகமெடுத்த நாலிவுட் என்ற நைஜீரியத் திரைத்துறை, பெரும்பாலும் அரசை எதிர்பார்க்காமலே வளர்ந்து லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது. 2001இல் வந்த கைப்பேசி, வங்கியே இல்லாத ஊருக்கும் பணப் பரிமாற்றத்தைக் கொண்டுபோனது. இன்று நாட்டின் உற்பத்தி மதிப்பில் எண்ணெயின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவுதான். மீதியெல்லாம் விவசாயமும் வியாபாரமும் சேவைகளும் தொழிலும். எண்ணெயை நம்பியிருப்பது அரசும் அந்நியச் செலாவணியும்தான்; ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி இன்றும் எண்ணெயும் எரிவாயுவும்.

இப்போது அல்ஹசன் டன்டாட்டாவுக்கு வருவோம். அந்தக் கடலை வியாபாரியின் கொள்ளுப்பேரன் தொழிலதிபர் அலிகோ டாங்கோட்டே. ஒரு காலத்தில் சிமென்டுக்காகக் கடலில் கப்பல்களை நிறுத்திய நாடு, இன்று சிமென்டை வெளியே அனுப்புகிறதென்றால் அதில் பெரும்பங்கு அவருடைய ஆலைகளுக்கு உண்டு. லாகோஸ் அருகே லெக்கியில் அவர் கட்டிய சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 6,50,000 பேரல் திறனுள்ளது. 2024 ஜனவரியில் டீசலும் செப்டம்பரில் பெட்ரோலும் வெளிவந்தன. அரசின் ஆலைகளால் பல பத்தாண்டுகளாக முடியாதது நடந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆலை நைஜீரிய எண்ணெய் போதாமல் அமெரிக்காவிலிருந்தும் கச்சா எண்ணெய் வாங்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் சிமென்டும் பெட்ரோலும் ஒரே குடும்பத்தின் கையில் பெருமளவு சேர்வதும் எனக்கு நிம்மதி தரவில்லை.

அரசு தன் எண்ணெய்ப் பணத்தை எப்படிக் காத்தது? விலை உயரும்போது சேமிக்க 2004இல் ஒரு தனிக் கணக்கு தொடங்கினார்கள். நிதியமைச்சர் இங்கோஸி ஒகோஞ்சோ-இவேலாவின் முயற்சியால் 2005இல், கடன் கொடுத்திருந்த பாரிஸ் கிளப் நாடுகள் 1,800 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தன. 2008 வாக்கில் அந்தச் சேமிப்புக் கணக்கில் 2,000 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்திருந்தது. 2022இல் மிச்சமிருந்தது 5 லட்சம் டாலருக்கும் குறைவு. 1977இல் உருவான தேசிய எண்ணெய்க் கழகம் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை முதன்முதலாக வெளியிட்டது 2020இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை.

இப்போது அரசு மீண்டும் குடிமக்களிடம் வருகிறது. 2025 ஜூனில் கையெழுத்தான புதிய வரிச் சட்டங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுக்கு 8 லட்சம் நைரா வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் சம்பாதிப்பவர் கட்ட வேண்டும். எழுத்தளவில் நியாயமான ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். கொக்கோ விவசாயி இபாதான் அரசைக் கீழே இறக்கிப் பேச வைத்ததுபோல, வரி கட்டும் வியாபாரியும் செவிலியரும் தலைநகர் அபுஜாவைப் பேச வைக்க இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பேச்சு வார்த்தைக்கு அரசு கையோடு கொண்டுவர வேண்டிய முதல் காகிதம் எது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. போர்ட் ஹார்கோர்ட் ஆலையைச் சீரமைக்க 2021இல் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2024 நவம்பரில் ஆலை ஓடத் தொடங்கியதாக அறிவித்தார்கள். 2025 மே மாதம் மறுபடி மூடினார்கள். வரி கேட்பதற்கு முன் அந்த 150 கோடிக்கு மக்களிடம் கணக்குக் காட்டியாக வேண்டும்.